தள்ளி நின்று பார்!

“நிறுத்துங்கள்!”

பஸ்ஸின் பின் வரிசையிலிருந்து ஒரு குரல்.

டிரைவர் பிரேக் போடுகிறார். பஸ் நிற்கிறது. எஞ்சின் சத்தமும் அடங்குகிறது.

எதிர் மலைச் சரிவில் ஒரு பழுப்பு நிறப் புள்ளி அசைகிறது. அதன் பின்னால் இரண்டு சின்னப் புள்ளிகள்.

தாய்க் கரடியும் இரண்டு குட்டிகளும்!

பஸ்ஸில் நாற்பது ஐம்பது பேர் இருக்கிறார்கள். ஒரு பேச்சு மூச்சு இல்லை. குழந்தைகள் ஜன்னல் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்க்கிறார்கள். ஒரே பைனாக்குலர் அப்பா கையிலிருந்து அம்மா கைக்கும், அம்மா கையிலிருந்து பாட்டி கைக்கும் போகிறது.

கரடி இவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது பாட்டுக்குத் தரையோடு படர்ந்த செடியில் பழம் தின்றுகொண்டிருக்கிறது.

பத்து நிமிடம் கழித்து பஸ் புறப்படுகிறது. யாரும் கீழே இறங்கவில்லை. யாரும் கல் எறியவில்லை. யாரும் ரொட்டித் துண்டு போடவில்லை.

அமெரிக்காவின் வட கோடியில் உள்ளது அலாஸ்கா மாநிலம். அங்கே டெனாலி தேசியப் பூங்காவில், கோடைக்காலத்தில் அடிக்கடி காணக்கூடிய காட்சி இது.

இந்தக் காட்சி தானாக வந்துவிடவில்லை. மனிதர்கள் தங்கள் வசதிகள் சிலவற்றை விட்டுக்கொடுத்தார்கள். அதனால் வந்தது. அப்படி விட்டுக்கொடுத்தது சரியா, தப்பா என்று அங்கே நெடுங்காலமாக வாதம் நடக்கிறது.

சரி என்பதுதான் என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

ஊஞ்சல் இல்லாத பூங்கா

பூங்கா என்றதும் பூச்செடியும் ஊஞ்சலும் நினைவுக்கு வரும். இது அந்த மாதிரிப் பூங்கா அல்ல. மலையும் ஆறும் பனியும் நிறைந்த வனாந்திரம். இதன் பரப்பு சுமார் 60 லட்சம் ஏக்கர்!

இவ்வளவு பெரிய காட்டுக்குள் போக இருப்பது ஒரே ஒரு ரோடு. அதன் நீளம் 92 மைல்.

வட அமெரிக்காவிலேயே உயரமான சிகரம் இங்கேதான் இருக்கிறது. உயரம் 20,310 அடி. அந்தப் பகுதியின் பூர்வகுடிகள் அதை ‘டெனாலி’ என்றார்கள். ‘உயரமானது’ என்று பொருள். சர்க்காரோ மெக்கின்லி என்ற ஜனாதிபதியின் பெயரை அதற்கு வைத்தது. 2015-ல் பெயர் டெனாலி என்று மாறியது. 2025-ல் திரும்பவும் மெக்கின்லி ஆயிற்று. பூங்காவின் பெயர் மட்டும் 1980-லிருந்து டெனாலிதான்.

பெயர் எதுவானாலும் அந்த மலைக்குக் கவலை இல்லை. பாதி நாள் மேகத்தைப் போர்த்திக்கொண்டு மறைந்திருக்கும். வருகிறவர்களில் மூன்றில் ஒருவருக்குத்தான் அது முகம் காட்டும் என்று சொல்கிறார்கள்.

ஐந்து மிருகங்களைப் பார்க்கவே இங்கு ஜனங்கள் வருகிறார்கள். கிரிஸ்லி கரடி, ஓநாய், குதிரையைவிட உயரமாக நிற்கும் மூஸ் மான், கூட்டம் கூட்டமாக ஊர் மாறிப் போகும் காரிபூ மான், பாறை உச்சியில் நிற்கும் வெள்ளை நிற டால் ஆடு. இவையே அந்த ஐந்து.

வேட்டைக்காரர் செய்த காரியம்

இந்தப் பூங்கா பிறந்த கதை வேடிக்கையானது. இதற்கு வித்திட்டவர் ஒரு வேட்டைக்காரர்!

அவர் பெயர் சார்லஸ் ஷெல்டன். 1906-ல் டால் ஆடுகளைத் தேடி இங்கே வந்தார். 1907-ல் மறுபடியும் வந்தார். மரக்குடிசை கட்டிக்கொண்டு, பனிக்காலம் முழுவதும் தங்கினார். ஆடுகள் எங்கே மேய்கின்றன, எப்படி வாழ்கின்றன என்று பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டார்.

பார்க்கப் பார்க்க அவருக்குப் பயம் வந்தது. பக்கத்தில் தங்கச் சுரங்கங்கள் இருந்தன. ரயில் பாதையும் வரப்போகிறது என்றார்கள். சுரங்க ஆட்களுக்கும் ரயில் பாதை போடும் ஆட்களுக்கும் இறைச்சி வேண்டும். அதற்கு இந்த ஆடுகளைத்தான் சுடுவார்கள். இப்படியே போனால் எத்தனை நாளைக்கு ஆடு மிஞ்சும்?

ஷெல்டன் ஊர் திரும்பினார். பல ஆண்டுகள் விடாமல் முயன்றார். 1917 பிப்ரவரி 26-ந் தேதி ஜனாதிபதி உட்ரோ வில்சன் பூங்காச் சட்டத்தில் கையெழுத்திட்டார்.

துப்பாக்கி தூக்கியவரே, “இந்த இடத்தில் வேண்டாம்” என்று சொன்னார். விட்டுக்கொடுத்தல் அன்றே தொடங்கிவிட்டது.

829 மண்டை ஓடுகள்

அடுத்து வந்தவர் அடால்ஃப் மியூரி என்ற விஞ்ஞானி.

அப்போது ஒரு கூக்குரல் எழுந்திருந்தது. “ஓநாய்கள் ஆடுகளைத் தின்று தீர்க்கின்றன. ஓநாய்களைக் கொன்று தள்ளுங்கள்!” என்றார்கள் பலர்.

மியூரி 1939 முதல் 1941 வரை இங்கே ஆராய்ச்சி செய்தார். மலை மலையாக நடந்தார். செத்த ஆடுகளின் மண்டை ஓடுகளைச் சேகரித்தார். ஒன்றிரண்டு அல்ல, 829! கொம்பையும் பல்லையும் பார்த்து, ஆடு எந்த வயதில் செத்தது, நோயுற்று இருந்ததா என்று கண்டுபிடித்தார்.

ஓநாய்க்கு இரையானவற்றில் பெரும்பாலும் கிழட்டு ஆடுகளும், நோய் கண்ட ஆடுகளும், குட்டிகளுமே இருந்தன. திடகாத்திரமான ஆடு ஓநாயிடம் லேசில் சிக்குவதில்லை. ஓநாயால் ஆட்டுக் குலம் அழியவில்லை என்று 1944-ல் வெளியான தம் புத்தகத்தில் அவர் எழுதினார்.

தூரத்தில் உட்கார்ந்து, பொறுமையாகப் பார்த்தவருக்கு உண்மை தெரிந்தது. துப்பாக்கியோடு ஓடியவர்களுக்குத் தெரியவில்லை.

இதே மியூரி இன்னொரு காரியமும் செய்தார். 1956-ல் தொடங்கிய ஒரு சர்க்கார் திட்டத்தின்படி, பூங்கா ரோட்டை அகலப்படுத்தித் தார் போட ஏற்பாடு நடந்தது. “கார் வேகமாகப் போவதற்கா இந்தக் காடு?” என்ற முறையில் மியூரி எதிர்த்து எழுதினார். வேறு சிலரும் சேர்ந்துகொண்டார்கள். முதல் 15 மைலுக்குத் தார் போட்டதோடு வேலை நின்றது. மிச்சம் சரளைக்கல் ரோடாகவே இருந்துவிட்டது.

சொந்தக் காருக்கு இடமில்லை

1971-ல் ஆங்கரேஜ் நகரத்தையும் ஃபேர்பாங்க்ஸ் நகரத்தையும் இணைக்கும் நெடுஞ்சாலை முடிந்தது. அது பூங்கா வாசலை ஒட்டிப் போகிறது. இனி கார்கள் படையெடுத்து வரும் என்று அதிகாரிகளுக்குப் புரிந்தது.

அவர்கள் என்ன செய்தார்கள்?

1972 முதல், கோடைக்காலத்தில் 15-வது மைலுக்கு அப்பால் சொந்தக் கார் போகக்கூடாது என்று விதி செய்தார்கள். அதற்கு மேல் பார்க்க வேண்டுமா? பஸ்ஸில் ஏறு!

கார்க்காரர்கள் நிறைந்த அமெரிக்காவில் இது சின்ன விஷயமா? அங்கே ஜனங்களுக்குக் கார் என்றால் கால் மாதிரி. ஆனாலும் செய்தார்கள். பஸ்ஸும் வரம்பில்லாமல் ஓட முடியாது. 15-வது மைலுக்கு மேல் ஒரு நாளைக்கு 160 வண்டிகளுக்கு மேல் கூடாது என்று 2012-ல் திட்டம் வகுத்தார்கள்.

டெக்லனிகா என்ற இடத்தில் கூடாரம் போடப் போகிறவர்கள் மட்டும் கொஞ்சம் தூரம் கூடுதலாகக் காரில் போகலாம். அதற்கும் நிபந்தனை உண்டு. குறைந்தது 3 இரவு தங்க வேண்டும். போய்ச் சேர்ந்த பிறகு, ஊர் திரும்பும் நாள் வரை காரை அசைக்கக் கூடாது!

செப்டம்பரில் சில நாட்கள் சொந்தக் காரை விடுவார்கள். அதற்கு ஆயிரக்கணக்கானவர்கள் மனுப் போடுவார்கள். குலுக்கல் நடக்கும். பெயர் விழுந்தவருக்குத்தான் யோகம்.

2021 ஆகஸ்டில் ஒரு சோதனை வந்தது. ‘பிரிட்டி ராக்ஸ்’ என்ற இடத்தில் மலைச் சரிவோடு ரோடும் சேர்ந்து நழுவியது. நிலத்துக்குள் நெடுங்காலமாக உறைந்து கிடந்த பனி, பூமி சூடேறுவதால் இளகுகிறது. ரோடு பாதி வழியில் மூடப்பட்டது. பாலம் கட்டும் வேலை தொடங்கியது. அடுத்து வந்த கோடைகளில் பஸ்கள் 43-வது மைலோடு திரும்பின. அப்போதும் ஜனங்கள் வந்தார்கள். பாதி ரோட்டிலும் கரடி பார்த்தார்கள்.

பாதை போடாத நடை

பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கலாம். தாராளமாக நடக்கலாம். ஆனால் காட்டின் பெரும்பகுதியில் நடைபாதை என்று ஒன்று கிடையாது. வழியைக் கண்டுபிடிப்பது உங்கள் பாடு.

பல பேர் சேர்ந்து போனால், ஒருவர் பின் ஒருவராகப் போகக்கூடாது. பரவி நடக்க வேண்டும். ஏன்? ஒரே இடத்தில் பத்து கால் பட்டால் புல் செத்துப் பாதை விழும். அடுத்தவன் அதே வழியில் வருவான். வடு ஆறாது. அங்கே கோடை மிகக் குறுகியது. மிதிபட்ட செடி தலையெடுக்க வருடக் கணக்கில் ஆகும்.

காட்டுக்குள் இரவு தங்க அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். காட்டை 87 பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். பல பகுதிகளில் ஓர் இரவுக்கு இத்தனை பேர் என்று கணக்கு உண்டு. கூடாரம் ரோட்டிலிருந்து அரை மைலுக்கு அப்பால், ரோட்டில் போகிறவர் கண்ணில் படாதபடி இருக்க வேண்டும்.

சாப்பாட்டு விஷயம் ரொம்ப முக்கியம். கரடியால் திறக்க முடியாத கெட்டியான டப்பாவில்தான் உணவை வைக்க வேண்டும். சமைக்கும் இடமும் டப்பா வைக்கும் இடமும் கூடாரத்திலிருந்து 100 கஜம் தள்ளி இருக்க வேண்டும்.

இது மனிதனைக் காப்பாற்ற மட்டும் போட்ட விதி என்று நினைக்காதீர்கள். கரடியையும் காப்பாற்றத்தான். மனிதச் சோற்றின் ருசி கண்ட கரடி கூடாரம் கூடாரமாக வரும். கடைசியில் அதைச் சுட வேண்டி வரும். நாம் அன்போடு போடும் ஒரு துண்டு ரொட்டி, அதற்கு எமனாகிவிடும்.

எட்டு நிமிடம்

கரடியிடமிருந்து 300 கஜம் தள்ளி நிற்க வேண்டும் என்பது டெனாலியின் விதி. மூஸ் மான் போன்றவற்றிடமிருந்து 25 கஜம்.

“முந்நூறு கஜமா? அவ்வளவு தூரத்திலிருந்து என்ன தெரியும்?” என்று கேட்பார்கள்.

2012 ஆகஸ்ட் 24-ந் தேதி நடந்ததைக் கேளுங்கள். டோக்லாட் ஆற்றங்கரையில் ஒருவர் தனியாக நடந்து போனார். ஒரு கிரிஸ்லி கரடியைக் கண்டார். அது செடிகளை மேய்ந்துகொண்டிருந்தது. அவர் சுமார் 50 கஜ தூரத்தில் நின்று படம் எடுத்தார். சுமார் எட்டு நிமிடம் எடுத்தார்.

கரடி அவரைத் தாக்கியது. அவர் மாண்டார்.

1917-லிருந்து அதுவரை பூங்காவில் கரடியால் யாரும் உயிரிழந்ததில்லை. அதுதான் முதல் சாவு. அந்தக் கரடியையும் பின்னால் சுட்டுக் கொன்றார்கள். நடந்தவை எல்லாம் அவருடைய காமிராவில் இருந்த படங்களிலிருந்து தெரிய வந்தன.

மாண்டவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அழகான ஒன்றைக் கண்டால் இன்னும் கொஞ்ச நேரம் நிற்கத் தோன்றும். நமக்கும் தோன்றும். அதனால்தான் விதி வேண்டும் என்கிறேன்.

கிரிஸ்லி கரடி மணிக்கு 35 மைல் வேகத்தில் ஓடக்கூடியது. ஐம்பது கஜத்தை அது மூன்று விநாடியில் கடந்துவிடும். மூன்று விநாடியில் மனிதன் என்ன செய்ய முடியும்? முந்நூறு கஜம் இருந்தால் கரடிக்கும் யோசிக்க இடம் உண்டு. நமக்கும் விலகிப் போக இடம் உண்டு.

ஒரு பழைய பஸ்

தள்ளி நிற்க வேண்டியது கரடியிடம் மட்டுமா? ஆற்றிடமும் பனியிடமும்கூட அந்த மரியாதை வேண்டும்.

பூங்கா எல்லையை ஒட்டிய காட்டில் 142 என்ற எண்ணுள்ள பழைய பஸ் ஒன்று கிடந்தது. 1992-ல் ஓர் இளைஞர் தனியாக அங்கே போய்த் தங்கினார். வயது 24. போகும்போது லேசாகக் கடந்த ஆறு, திரும்பும்போது பெருக்கெடுத்து ஓடியது. கடக்க முடியவில்லை. கையில் விவரமான வரைபடம் இல்லை. உணவு தீர்ந்தது. அந்தப் பஸ்ஸிலேயே உயிர் பிரிந்தது.

அவர் கதை புத்தகமாயிற்று. சினிமாவும் ஆயிற்று. அதைக் கண்டவர்கள் அந்தப் பஸ்ஸைத் தேடிக் கூட்டமாகப் போகத் தொடங்கினார்கள். பலரை மீட்க வேண்டி வந்தது. 2010-லும் 2019-லும் ஆற்றைக் கடக்கப் பார்த்த இருவர் மூழ்கி மாண்டார்கள். 2020 ஜூனில் சர்க்கார் ஹெலிகாப்டரில் கட்டி அந்தப் பஸ்ஸையே தூக்கிக்கொண்டு போய்விட்டது!

காடு வீரம் காட்டும் மேடை அல்ல. ஏற்பாட்டோடு போகிறவனை அது வரவேற்கும். அலட்சியமாகப் போகிறவனிடம் அதற்கு இரக்கம் கிடையாது.

எதிர்க் கட்சி என்ன சொல்கிறது?

“வரி கட்டுகிறவன் நான். என் காரில் போக எனக்கு உரிமை இல்லையா?” என்கிறார்கள் சிலர்.

உரிமை உண்டு. ஆனால் எல்லாரும் அந்த உரிமையைச் செலுத்தினால் என்ன ஆகும்? ரோடு முழுவதும் கார் நிற்கும். ஹாரன் ஒலிக்கும். மிருகம் மலைக்குப் பின்னால் போய்விடும். அப்புறம் யாருக்கு என்ன உரிமை இருந்து என்ன லாபம்?

“வயதானவர்கள், நடக்க முடியாதவர்கள் கதி?” என்று கேட்கிறார்கள் சிலர். நல்ல கேள்வி. நடக்க முடியாத பாட்டி பஸ்ஸில் உட்கார்ந்தபடியே கரடி பார்க்கிறாள். சக்கர நாற்காலி ஏற்றும் வசதியுள்ள பஸ்களும் இருக்கின்றன. காரில்லாதவனும் பார்க்கிறான்.

“பஸ் கட்டணம் ஒரு குடும்பத்துக்குப் பாரம்” என்பது மூன்றாவது வாதம். இதில் நியாயம் இருக்கிறது. கட்டணத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். நானும் சேர்ந்து சொல்கிறேன். அதற்காகக் கார்களைத் திறந்து விடச் சொல்லாதீர்கள்.

ஓநாய்க்கு எல்லை தெரியுமா?

எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லி முடிக்க எனக்கு ஆசை. முடியவில்லை.

பூங்காவின் வடகிழக்கு எல்லைக்கு வெளியே மாநிலத்துக்குச் சொந்தமான நிலம் இருக்கிறது. பனிக்காலத்தில் காரிபூ மான்கள் அங்கே போகும். அவற்றின் பின்னால் ஓநாய்களும் போகும். எல்லைக் கோடு எங்கே என்று ஓநாய்க்கு யார் சொல்வது? உள்ளே ஊரே கூடி ரசிக்கும் ஓநாய், கோட்டைத் தாண்டியதும் பொறியில் மாட்டிச் சாகிறது.

ஒரு காலத்தில் அந்த நிலத்தில் ஒரு பகுதியில் ஓநாய் பிடிக்கத் தடை இருந்தது. 2010-ல் மாநில வேட்டை வாரியம் தடையை எடுத்துவிட்டது. பூங்காவில் ஓநாயைக் கண்ணால் கண்டவர்களின் எண்ணிக்கை பிறகு வெகுவாகக் குறைந்தது. தடை இருந்த ஆண்டுகளில்தான் ஓநாய் அதிகமாகக் கண்ணில் பட்டது என்று 2016-ல் வெளியான ஆராய்ச்சியும் சொல்கிறது.

மியூரி உட்கார்ந்து பார்த்தாரே, அதே ஈஸ்ட் ஃபோர்க் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஓர் ஓநாய்க் கூட்டம் இருந்தது. 2016-ல் அந்தக் கூட்டம் இருந்த இடம் வெறிச்சோடிப் போயிற்று. அதைச் சேர்ந்த ஓநாய்கள் சில வேட்டைக்காரர் கையில் மாண்டிருந்தன.

தோலுக்காக ஓநாய் பிடிப்பது அங்கே சிலருக்குப் பரம்பரைத் தொழில். அவர்கள் வயிற்றில் அடிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த மாநிலத்தில் பரந்து கிடக்கிறது நிலம். அதில் இந்த ஒரு துண்டை ஓநாய்க்கு விடக் கூடாதா? பஸ்ஸில் போகும் லட்சக்கணக்கான ஜனங்கள் காரை விட்டுக்கொடுத்தார்கள். ஷெல்டன் துப்பாக்கியை விட்டுக்கொடுத்தார். சிலர் ஒரு துண்டு நிலத்தை விட்டுக்கொடுத்தால் என்ன? மாநிலம் அந்தத் தடையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். இது என் அபிப்பிராயம்.

குழந்தை கேட்டால்

முதலில் சொன்ன பஸ்ஸுக்குத் திரும்புவோம்.

“அப்பா, கரடிக்குப் பக்கத்தில் போகலாமா?” என்று ஒரு குழந்தை கேட்காமல் இருக்குமா?

“வேண்டாம் கண்ணு. அது அதன் வீடு. நாம் வாசலில் நின்று பார்த்தால் போதும்” என்று சொல்லும் தகப்பன் குழந்தைக்கு ஒரு பாடம் சொல்லித் தருகிறான். பிறர் வீட்டுக்குள் கேட்காமல் நுழையக் கூடாது என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம் அல்லவா? அதே பாடம்தான்.

எந்தக் காட்டுக்குப் போனாலும் இது பொருந்தும். சத்தம் போடாதே. தீனி போடாதே. துரத்தாதே. கொண்டுபோன குப்பையைத் திரும்பக் கொண்டு வா.

1917-ல் ஒருவர் விட்டுக்கொடுத்ததால் 1972-ல் காடு மிஞ்சியிருந்தது. 1972-ல் பலர் விட்டுக்கொடுத்ததால் இன்றைக்குக் கரடி இருக்கிறது. நாளைக்கு நம் பேரப் பிள்ளைகளும் “நிறுத்துங்கள்!” என்று பஸ்ஸில் கூவ வேண்டாமா?

அதற்கு நாம் செய்ய வேண்டியது பெரிய காரியம் ஒன்றும் இல்லை.

கொஞ்சம் தள்ளி நிற்க வேண்டும். அவ்வளவுதான்!